உலை வேலைக்குப் போகும் கணவர், இனி வரவிருக்கும் குழந்தை: ஈயம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: வந்தவாசிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்னைக்கு வடக்கே உள்ள ஒரு தொழிற்பேட்டையில், பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து, அவற்றின் ஈயத் தகடுகளை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் ஆலை ஒன்றில் என் கணவர் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். முதல் நான்கு ஆண்டுகள் உடைக்கும் பகுதியில் இருந்தார். இப்போது உலையருகே கசடு வழிக்கும் வேலை.

சென்ற ஆண்டு நான் கருவுற்றேன். பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. பப்பாளி தின்றேனா, வண்டியில் போனேனா, உடம்பில் சூடா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. அவருடைய வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, மகப்பேறு மருத்துவமனையில்கூட, "கணவர் என்ன செய்கிறார்?" என்ற இடத்தில் "கம்பெனி வேலை" என்று எழுதிக்கொண்டதோடு முடிந்தது.

ஆலையில் ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் எடுக்கிறார்கள். முடிவைத் தாளில் தருவதில்லை. மேற்பார்வையாளர் வாயால் "நார்மல்" என்று சொல்வதோடு சரி. போன மாதம் நாங்களே பணம் கட்டி வெளியே ஓர் ஆய்வகத்தில் பரிசோதித்தோம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 34 மைக்ரோகிராம் ஈயம் இருப்பதாக வந்தது. இது எவ்வளவு கெடுதல் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் முன்பகுதியில் என் தந்தை பேட்டரி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கொல்லைப்புறத்தில் கரி அடுப்பு மூட்டி ஈயத்தை உருக்குவார்; நாங்கள் அந்தச் சாம்பல் மண்ணில்தான் விளையாடினோம். எனக்குப் பதினான்கு வயதானபோது கடையை மூடிவிட்டார்.

மீண்டும் கருவுறுவதற்கு முன் தெளிவு பெற விரும்புகிறேன். அவர் உடம்பில் உள்ள ஈயம், நான் அந்த ஆலைக்குள் காலே வைக்காதபோதும், குழந்தையைத் தொடுமா? எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன என் சிறுவயது வாழ்க்கை இப்போது கணக்கில் வருமா? உடம்பைச் சுத்தம் செய்து கரு தங்கச் செய்யும் என்று உறவினர் ஒருவர் ஒரு பற்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இருவரும் ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம். சாப்பிடலாமா?

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற தொழிற்சாலை மருத்துவர்

அம்மா, முதலில் பற்பத்தைத் தொடாதீர்கள். காரணத்தை வேறு யாரேனும் விரிவாக எழுதக்கூடும். நான் மற்றவற்றுக்கு வருகிறேன்.

கலைந்த கருவுக்குப் பப்பாளியும் சூடும் காரணமல்ல. உறுதிசெய்யப்பட்ட கருக்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கலைந்துபோகின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குரோமோசோம் கோளாறே காரணமாக இருக்கிறது. ஆகவே உங்கள் கரு ஈயத்தால்தான் கலைந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஈயத்துக்கு அதில் பங்கே இருக்க முடியாது என்றும் சொல்லக்கூடாது. மெக்சிகோ நகரில் கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1999 இல் வெளியான ஆய்வு, தாயின் இரத்த ஈயம் 5 மைக்ரோகிராம் கூடும்போது கருக்கலைவின் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காவதைக் கண்டது. அந்தப் பெண்கள் உலை வேலை செய்தவர்கள் அல்லர், சாதாரண நகரவாசிகள்.

இனி உங்கள் கணவரின் 34. ஆணின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள்கள் ஆகின்றன. அது முதிர்ந்து வெளிவர இன்னும் இரண்டு வாரம் போல ஆகும். எனவே இன்று கரு தரித்தால், அதற்குக் காரணமான அணு கடந்த மூன்று மாதங்களில் அவர் உடம்பில் ஓடிய இரத்தத்தில் வளர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், இத்தாலி, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் பத்து நிறுவனங்களைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்களிடம் செய்த ஆய்வில், இரத்த ஈயம் 50 ஐத் தாண்டியவர்களின் விந்தணுச் செறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்தச் சரிவு 45 க்கு அருகே தொடங்குவதாக அவர்கள் கணித்தார்கள். உங்கள் கணவர் அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறார். நீங்கள் ஒரு முறை கருவுற்றிருப்பதும் நல்ல அறிகுறியே.

ஆனால் எண்ணிக்கை நன்றாக இருப்பது மட்டும் போதாது. நியூயார்க் மாநிலத்தின் ஈயத் தொழிலாளர்களைப் பற்றி 1998 இல் வந்த ஆய்வை நான் பணியில் இருந்த காலத்தில் பலமுறை எடுத்துக் காட்டியிருக்கிறேன். ஈயத் தொழிலாளர்களின் குழந்தைகள் அனைவரையும் ஒன்றாகப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயர்ந்த அளவு ஈயத்தோடு இருந்த தந்தையரின் குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, எடை குறைந்து பிறத்தலும் குறைமாதப் பிறப்பும் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தன. அளவைப் போலவே கால நீளமும் முக்கியம் என்பதை அது காட்டுகிறது. உங்கள் கணவருக்கு ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால்தான் இதைச் சொல்கிறேன், அச்சுறுத்துவதற்காக அல்ல.

அமெரிக்காவின் 1978 ஆம் ஆண்டு ஈய விதிமுறை, குழந்தை பெற விரும்பும் தொழிலாளி ஆணாயினும் பெண்ணாயினும் இரத்த ஈயம் 30 க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அது அரை நூற்றாண்டுக்கு முந்தைய அளவு. இன்றைய அறிவின்படி "இதுவரை பாதுகாப்பு" என்று கோடு போட ஓர் எண் இல்லை. ஆகவே உலையருகிலிருந்தும் உடைக்கும் பகுதியிலிருந்தும் அவரை வேறு வேலைக்கு மாற்ற முயலுங்கள். மாறிய நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் பொறுத்து மீண்டும் பரிசோதியுங்கள். எண் நன்றாக இறங்கியிருந்தால் முயற்சியைத் தொடங்கலாம், இல்லையெனில் இன்னும் சில மாதங்கள் காத்திருங்கள். இரத்தத்தில் உள்ள ஈயம் முதலில் 35 நாள்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் என்பார்கள். ஆனால் ஆறு ஆண்டுகள் உலையருகே நின்றவரின் எலும்பில் பெரிய இருப்பு சேர்ந்திருக்கும். இரத்தம் குறையக் குறைய எலும்பு அதை நிரப்பும். அதனால் எண் ஓரளவு இறங்கி அங்கேயே நிற்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

எலும்பு என்றதும் உங்கள் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டேன். உங்கள் சிறுவயது கட்டாயம் கணக்கில் வரும். ஈயத்தைக் கால்சியம் என்றே உடல் எண்ணிக்கொண்டு எலும்பில் சேர்த்துவைக்கிறது. அது அங்கே பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். கருவுற்ற பெண்ணின் உடல், குழந்தையின் எலும்புக்காகத் தன் எலும்பைக் கரைத்துக் கால்சியம் எடுக்கும்போது, பழைய ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வருகிறது. இதை ஐயமின்றி நிறுவியவர் ஆஸ்திரேலியாவின் பிரையன் கல்சன். ஆஸ்திரேலியச் சுரங்க ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் கலந்திருக்கும் விகிதம்) பிற நாட்டு ஈயத்திலிருந்து வேறுபடும். பிற நாடுகளிலிருந்து அங்கே குடியேறிக் கருவுற்ற பெண்களின் இரத்தத்தை மாதந்தோறும் எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் விட்டுவந்த தாய்நாட்டின் ஈயம் கருக்காலத்தில் மீண்டும் இரத்தத்தில் ஏறியது. பாலூட்டும் காலத்தில் இன்னும் கூடியது. உங்கள் தந்தையின் கொல்லைப்புற மண் உங்கள் எலும்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை இப்போதே அறிந்துகொள்ளுங்கள். கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் ஈயப் பரிசோதனை உங்களுக்கும் வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் உள்ள தூசியால் எண் பொய்யாகக் கூடலாம். இரும்புச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் இரத்தசோகை உள்ள உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கரு தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை உணர்ந்து மருத்துவரிடம் போவதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும்.

மறுமொழி 2
எழுதியவர்: முன்னாள் உலைத் தொழிலாளி

சகோதரிக்கு வணக்கம். நான் பதினோரு ஆண்டுகள் இதே வேலையில் இருந்தவன். இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு, வீட்டுக்கு வரும் ஈயத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் மூத்த மகன் குறைமாதத்தில் பிறந்தான். அதற்கு ஈயம்தான் காரணம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு ஒன்றரை வயதில் வயிற்றுவலியும் சோர்வும் விடாமல் இருந்தபோது, ஒரு நல்ல மருத்துவர் என் தொழிலைக் கேட்டார். கேட்டவுடன் இரத்தம் எடுக்கச் சொன்னார். 21 என்று வந்தது. அந்தக் குழந்தை ஆலையின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் என் மூலமாகவே வந்தது. வேலை உடுப்போடு வண்டியில் ஏறி, அதே உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்து, ஓடி வந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வேன். என் உடுப்பை உதறித் துவைத்தவர் என் மனைவி. அப்போது அவர் இரண்டாவது குழந்தைக்குக் கருவுற்றிருந்தார். அதை நினைத்தால் இன்றும் உள்ளம் பதைக்கிறது.

அதன் பிறகு நாங்கள் செய்தது இதுதான். ஆலையிலேயே தலைக்குக் குளித்து மாற்றுடை அணிந்து வருவேன். அங்கே குளியலறை சரியில்லாத நாள்களில் வீட்டுக்குப் பின்புறக் குழாயடியில் குளித்துவிட்டே உள்ளே போவேன். வேலைச் செருப்பு வாசலைத் தாண்டாது. உடுப்பை உதறாமல் தனி வாளியில் ஊறவைத்து நானே துவைத்தேன். துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குவதை நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்தோம். பெருக்கினால் தூசி எழும்பி மீண்டும் அமரும். வண்டியின் இருக்கையையும் துடைத்தோம். உலையருகே பீடி குடிப்பதை விட்டேன், ஏனெனில் கையில் இருக்கும் ஈயம் பீடியோடு நேராக வாய்க்குப் போகும். ஓராண்டில் மகனின் எண் 9 ஆக இறங்கியது.

உங்கள் கணவர் முயற்சிக் காலத்தில் மட்டுமின்றி, இன்றைக்கே இவற்றைத் தொடங்க வேண்டும். அவர் கொண்டுவரும் தூசி இன்று உங்கள் எலும்பில் சேர்கிறது. நாளை குழந்தை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 3
எழுதியவர்: பேட்டரி கடைக்காரர் மகன்

தேவையில்லாமல் இந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் தந்தை முப்பது ஆண்டுகள் ஈயம் உருக்கினார். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூவரும் நலமாக இருக்கிறோம், படித்து வேலையில் இருக்கிறோம். கடவுள் கொடுப்பதை எந்த எண்ணும் தடுக்காது. சிறுவயதில் மண்ணில் விளையாடியதெல்லாம் இருபது ஆண்டு கழித்துக் குழந்தைக்கு வரும் என்பது நம்பும்படியாக இல்லை.

மறுமொழி 4
எழுதியவர்: நச்சியல் ஆய்வு மாணவி

உங்கள் குடும்பம் நலமாக இருப்பதில் உண்மையாகவே மகிழ்ச்சி, அண்ணா. ஈயம் தொட்ட வீட்டிலெல்லாம் நோயுள்ள குழந்தை பிறக்கும் என்று இங்கே யாரும் எழுதவில்லை. நூறு பிறப்புகளில் ஆறு குறைமாதமாக வேண்டிய இடத்தில் பதினெட்டு ஆனால், அப்போதும் எண்பத்திரண்டு குழந்தைகள் நிறைமாதத்தில் பிறக்கும். அந்த எண்பத்திரண்டு வீடுகளில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். (இந்த எண்கள் மும்மடங்கு என்பதை விளக்க நானே எடுத்துக்கொண்டவை.) ஒரு வீட்டைப் பார்த்து அந்தப் பன்னிரண்டு குழந்தைகளைக் காண முடியாது என்பதால்தான் ஆயிரக்கணக்கான பிறப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இருபது ஆண்டு கழித்து வருமா என்ற ஐயத்துக்கு வேறொரு பொருளிலிருந்து சான்று சொல்கிறேன். 1976 ஜூலை 10 அன்று இத்தாலியின் சேவேசோ நகருக்கு அருகே ஒரு வேதித் தொழிற்சாலையிலிருந்து டையாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த புகை வெளியேறி ஊர்மேல் படிந்தது. டையாக்சின் உடலின் கொழுப்பில் தங்கிவிடும். மிக மெதுவாகவே குறையும். விபத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1994 முதல் 2005 வரை, அந்தப் பகுதிப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளின் தைராய்டு பரிசோதனை முடிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பிறந்த சில நாள்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் பார்க்கும் அதே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவுதான்; அது கூடினால் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். அது 5 ஐத் தாண்டிய குழந்தைகள், மாசு படியாத சுற்றுப்பகுதியில் 2.8 விழுக்காடு, நடுத்தர மாசு படிந்த பகுதியில் 4.9 விழுக்காடு, மிகக் கடுமையாக மாசு படிந்த பகுதித் தாய்மாரிடம் 16.1 விழுக்காடு. அந்தக் குழந்தைகளில் ஒருவரும் விபத்தைப் பார்த்ததில்லை. பலருடைய தாய்மார் அப்போது சிறுமிகளாக இருந்தவர்கள்.

அதே ஊரில் தந்தையர் வழியாகவும் ஒன்று தெரிந்தது. பத்தொன்பது வயதுக்கு முன் டையாக்சினுக்கு ஆளான ஆண்களுக்குப் பின்னாளில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளே குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகப் பிறந்தார்கள். தாய் மட்டும் ஆளாகியிருந்த வீடுகளில் அந்த வேறுபாடு இல்லை. எந்தப் பாலாயினும் குழந்தை குழந்தையே. நான் இதைச் சொல்வது, இளவயதில் ஓர் ஆணின் உடலில் நுழைந்த வேதிப்பொருள் பல ஆண்டுகள் கழித்து உண்டாகும் கருவில் தன் தடத்தைக் காட்டியது என்பதற்காகவே.

தைவானில் 1979 இல் பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த தவிட்டு எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடமும் இதையே கண்டார்கள். எண்ணெயை நிறுத்தி ஆறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்களும், நிறுத்திய உடனே பிறந்தவர்களைப் போலவே அறிவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். டையாக்சின், பி.சி.பி., ஈயம் மூன்றும் வெவ்வேறு பொருள்கள், உடலில் தங்கும் இடமும் வெவ்வேறு. ஆனால் உடல் ஒரு களஞ்சியமாகி, கருவுற்ற காலத்தில் அந்தக் களஞ்சியம் திறக்கிறது என்பது மூன்றுக்கும் பொது.

தங்கை கேட்ட பற்பத்துக்கு வருகிறேன். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011, 2012 ஆம் ஆண்டுகளில் ஈய நச்சுக்கு ஆளான ஆறு கர்ப்பிணிகளைக் கண்டறிந்தது; ஆறு பேரும் இந்தியாவிலிருந்து வந்த மரபு மருந்துகளை உட்கொண்டவர்கள். அவர்களின் இரத்த ஈயம் 16 முதல் 64 வரை இருந்தது. கரு தங்கவும் குழந்தை நலமாகப் பிறக்கவும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவை அந்த மருந்துகளில் சில. மரபு மருத்துவம் முழுவதையும் நான் பழிக்கவில்லை. என் பாட்டி கைமருந்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் உலோகங்களைப் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் ஆகியவற்றில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது பொட்டலத்தைப் பார்த்துத் தெரியாது. ஈயத்தை வெளியேற்ற வேண்டிய உடம்பில் அதை எதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும்? மருத்துவமனையில் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவை மிக உயர்ந்த அளவுக்கும் கடும் அறிகுறிகளுக்கும் உரியவை, வேலைக்குப் போய்க்கொண்டே எடுக்கக்கூடாதவை. கரு தரிக்கும் முன் "சுத்தம் செய்ய" அவற்றையும் கேட்காதீர்கள்.

வீட்டில் ஈயச்சொம்பில் ரசம் வைப்பீர்களாயின் ஒரு விளக்கம். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் பேசும் நஞ்சு காரீயம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ஆனால் விலை குறைந்த சொம்பில் காரீயம் கலந்திருந்தால், புளியும் சூடும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். எந்த உலோகம் என்று உறுதியாகத் தெரியாத சொம்பை இந்தச் சில ஆண்டுகளுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அதேபோல் கண்மை, மஞ்சள்தூள், குங்குமம் ஆகியவற்றை விவரச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்; நிறம் தூக்கலாக இருக்க ஈயச்சேர்மம் கலக்கும் வழக்கம் மஞ்சளில் உண்டு.

மறுமொழி 5
எழுதியவர்: தொழிற்சங்க வழக்குரைஞர்

"நார்மல்" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் முதலாவதாக இருந்தது ஈய நச்சு. 2020 ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. போபால் பேரழிவுக்குப் பிறகு 1987 இல் சேர்க்கப்பட்ட பிரிவுகளில் ஒன்று, நச்சுப் பொருளுக்கு ஆளாகும் தொழிலாளியின் உடல்நலப் பதிவேடு அவருக்குக் காணக் கிடைக்க வேண்டும் என்றது. உங்கள் கணவர் தம் ஆறு ஆண்டுப் பரிசோதனை முடிவுகளையும் எழுத்து மூலம் கேட்கட்டும்; ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். தர மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு கொடுக்கலாம். தனியாகக் கேட்கத் தயங்கினால், உடன் வேலை செய்யும் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்பது நல்லது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையில் தொழிலைத் தெளிவாகச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள்.

தந்தையின் வேலையை யாரும் கேட்பதில்லை என்றீர்கள். அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம் 1982 இல், கருவுறக்கூடிய பெண்கள் எவரும் ஈயம் படும் வேலையைச் செய்யக்கூடாது என்று விதித்தது. ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. தந்தையாக விரும்பித் தன் இரத்த ஈயத்தைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்ட ஓர் ஆண் தொழிலாளிக்கு அது மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1991 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ஈயம் ஆணின் இனப்பெருக்கத்தையும் பாதிப்பதற்குச் சான்று இருக்கும்போது பெண்ணை மட்டும் விலக்குவது பாகுபாடு என்று அந்த விதியைத் தள்ளியது. அதற்கும் முன்பே, 1977 இல் கலிபோர்னியாவின் லாத்ரோப்பில் டி.பி.சி.பி. என்ற பூச்சிக்கொல்லி செய்த ஆலையின் ஆண்கள், தங்களில் யாருக்கும் அண்மையில் குழந்தை பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் அந்தப் பொருள் விந்தணுவை அழிப்பது உலகுக்குத் தெரியவந்தது. அவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் அது மறைந்திருக்குமோ.

மறுமொழி 6
எழுதியவர்: வந்தவாசிப் பெண் (கேட்டவர்)

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். என் இரத்தத்தில் ஈயம் 8 என்று வந்திருக்கிறது; ஹீமோகுளோபின் 9.6. பற்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உறவினருக்கு வருத்தம்தான். கணவரும் உடன் வேலை செய்யும் ஆறு பேரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். பதிவேடு இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அவரைக் கட்டிகளை எடைபோட்டு ஏற்றும் பகுதிக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முடிவுகளையெல்லாம் அத்தையிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் துணியை இனிமேல் நீ தொடாதே" என்றார். 8 என்றால் நான் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், ஐயா?

மறுமொழி 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற தொழிற்சாலை மருத்துவர்

அம்மா, உங்களைப் பொறுத்தவரை 8 என்பது கருவுறுவதைத் தடைசெய்யும் எண் அல்ல. கவனிக்கச் சொல்லும் எண். உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 ஐத் தொட்டாலே ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்கச் சொல்கிறது. உங்கள் வீட்டில் அந்த வழி தெரிந்துவிட்டது, அடைக்கவும் தொடங்கிவிட்டீர்கள். எலும்பில் உள்ளது ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் போகாது. ஆகவே அதற்காகக் காத்திருக்காதீர்கள். காத்திருக்க வேண்டியது உங்கள் கணவரின் மூன்று மாதத்துக்காகவும் உங்கள் இரத்தசோகைக்காகவும். எடைபோடும் பகுதியிலும் தூசி உண்டு. முகக்கவசமும் குளியலும் அங்கேயும் தொடரட்டும்.

இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் இப்போதே தொடங்குங்கள். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் எடுங்கள். உடல் இரும்பை உறிஞ்சுவதைக் கால்சியம் தடுக்கும். மெக்சிகோவில் கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் இரத்த ஈயம் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தது. எலும்பைக் கரைக்காமல் உணவிலிருந்தே உடல் கால்சியம் எடுக்கட்டும் என்பதுதான் நோக்கம். கேழ்வரகு, தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவர் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக்கூடாது. வெறும் வயிறு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும்.

கரு உறுதியான அன்றே இந்த இரண்டு அறிக்கைகளையும் மகப்பேறு மருத்துவரிடம் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் இரத்த ஈயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்திலும் ஒரு பரிசோதனை செய்ய முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குழந்தை பிறந்த பின், உங்கள் அளவு இப்போதுபோல் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கத் தடையேதும் இல்லை. அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நிறுத்திவிடாதீர்கள்.